மழை ரோட்டில் பைக் சறுக்காமல் ஓட்ட: டயரிலிருந்து ஃப்ரன்ட் பிரேக் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

"ஃப்ரன்ட் பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறிஞ்சிடும்." வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அப்பாவோ சித்தப்பாவோ அண்ணனோ இதைச் சொல்லாத வீடு தமிழ்நாட்டில் குறைவு. அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த அறிவுரை ஆளைக் காப்பாற்றுவதில்லை, கீழே தள்ளுகிறது. பின் பிரேக்கை மட்டும் நம்பி ஓட்டிப் பழகியவர், குறுக்கே மாடு வந்ததும் பெடலை ஓங்கி மிதிக்கிறார். பின் சக்கரம் சுழலாமல் நின்றுவிடுகிறது, வண்டியின் பின்புறம் ஒரு பக்கமாக இழுக்கிறது. அல்லது பதற்றத்தில், இதுவரை பழகாத முன் பிரேக்கை முழு பலத்தோடு ஒரே பிடியாகப் பிடிக்கிறார். எப்படியும் வண்டி சறுக்கி விழுகிறது. "மழையில ஸ்கிட் ஆயிடுச்சு" என்று மழையின் தலையில் பழி விழுகிறது.

மழை ஒரு காரணம்தான். மிச்சக் காரணங்கள் டயரிலும், ரோட்டிலும், நம் விரல்களிலும் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கியர் பைக்கும் ஸ்கூட்டரும் ஓட்டுபவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். காருக்கு வேண்டியது கடைசியில் சுருக்கமாக இருக்கிறது.

முதலில்: சக்கரம் ஏன் சறுக்குகிறது?

டயர் தரையில் பதியும் இடம் மிகச் சிறியது. ஆளோடு சேர்த்து 200 கிலோ எடையுள்ள பைக்கில், ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு, கணக்குப் போட்டால், ஏறக்குறைய 50 சதுர சென்டிமீட்டர்தான். வேகம் எடுப்பது, நிறுத்துவது, திருப்புவது எல்லாவற்றுக்கும் வேண்டிய பிடிமானம் அந்த இரண்டு இடங்களிலிருந்துதான் வர வேண்டும்.

அந்தப் பிடிமானத்தை மாதச் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேக்குக்கே முழுவதையும் செலவழித்துவிட்டால் வளைவுக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. நேராகப் போகும்போது தாங்கிய அதே பிரேக், வண்டியைச் சாய்த்து வளைக்கும்போது கீழே தள்ளுவது இதனால்தான். மழையில் அந்தச் சம்பளமே ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது.

எண்ணில் சொன்னால் இன்னும் தெளிவாகும். காய்ந்த தார் ரோட்டில் நல்ல டயரின் உராய்வுக் கெழு, அதாவது பிடிமானத்தின் அளவு, 0.7 முதல் 0.8 வரை இருக்கும். நனைந்த ரோட்டில் 0.4, 0.5 என்று இறங்கிவிடும். 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி 0.7 உள்ள ரோட்டில் நிற்க 20 மீட்டர் வேண்டும். 0.4 உள்ள ரோட்டில் 35 மீட்டர். ஆபத்தைப் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, விரல் லிவருக்குப் போக ஒரு விநாடி ஆகும் என்றால், அதற்குள் வண்டி இன்னும் 17 மீட்டர் ஓடியிருக்கும். ஆக, காய்ந்த ரோட்டில் 37 மீட்டர், நனைந்த ரோட்டில் 52 மீட்டர். வேகத்தை 40 கி.மீ.க்குக் குறைத்தால் நனைந்த ரோட்டில்கூட மொத்தம் 27 மீட்டருக்குள் நின்றுவிடலாம். மழையில் வேகத்தைக் குறை என்று எல்லோரும் சொல்வதன் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். சக்கரம் உருண்டுகொண்டே வேகம் குறையும்வரை பிடிமானம் நன்றாக இருக்கும். வண்டியின் வேகத்தைவிடச் சக்கரம் 10 முதல் 20 சதவீதம் மெதுவாகச் சுழலும் கட்டத்தில் பிடிமானம் உச்சத்தில் இருக்கிறது. அதைத் தாண்டிச் சக்கரம் முழுதாக நின்று இழுபட ஆரம்பித்தால் பிடிமானம் குறைகிறது. அதோடு, சுழலாத சக்கரத்தைத் திருப்பிப் பயனில்லை, ஹேண்டிலை எந்தப் பக்கம் ஒடித்தாலும் அது போன போக்கில்தான் போகும். முன் சக்கரம் அப்படி நின்றால் பேலன்ஸ் கண் இமைக்கும் நேரத்தில் போய்விடும். பின் சக்கரம் என்றால் சமாளிக்கக் கொஞ்சம் அவகாசம் உண்டு.

படி 1: மழைக்கு முன்பே டயரைப் பாருங்கள்

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. செப்டம்பர் கடைசியிலேயே ஒரு நாள் காலை, வெளிச்சத்தில், வண்டியை சென்டர் ஸ்டாண்ட் போட்டு டயரைச் சுற்றிப் பாருங்கள்.

டயரின் பக்கவாட்டில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளோ சிறிய முக்கோணக் குறியோ இருக்கும். அதற்கு நேராகப் பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் ஒரு சிறு மேடு தெரியும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. மழையில் நீரை வெளியே தள்ளுவது பட்டன்களுக்கு இடையிலான பள்ளங்கள்தான். மொட்டை டயர் காய்ந்த ரோட்டில் ஒன்றும் காட்டிக்கொள்ளாது, முதல் மழையில் காட்டிவிடும். பின் டயர் நடுவில் மட்டும் தேய்ந்து ஓரத்தில் பட்டன் நன்றாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். நேராகப் பிரேக் பிடிக்கும்போது தரையைத் தொடுவது அந்த நடுப்பகுதிதான்.

பட்டன் இருந்தாலும் வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. ஐந்தாறு வருடம் வெயிலில் நின்ற டயரின் ரப்பர் இறுகிப்போயிருக்கும், பக்கங்களில் மெல்லிய வெடிப்புகள் தெரியும். அதிகம் ஓடாமல் வீட்டு வாசலிலேயே நிற்கும் ஸ்கூட்டர்களில் இது சகஜம். "பட்டன் புதுசாத்தானே இருக்கு" என்று பஞ்சர் கடையிலேயே சொல்வார்கள். இறுகிய ரப்பர் நனைந்த ரோட்டில் பிடிக்காது.

காற்றின் அளவு வண்டியிலேயே ஸ்டிக்கரில் எழுதியிருக்கும், அதையே வையுங்கள். அதிகம் அடித்தால் தரையில் பதியும் பரப்பு குறையும். மழைக்கென்று காற்றைக் குறைத்து வைப்பதும் தவறுதான், பள்ளங்கள் நெளிந்து மூடிக்கொள்ளும், நீர் வெளியேறாது.

புது டயர் போட்டவர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மேற்பரப்பின் வழவழப்பு தேய்ந்து போகும்வரை, முதல் 100, 150 கிலோமீட்டருக்குச் சட்டென்று சாய்ப்பதும் ஓங்கிப் பிரேக் பிடிப்பதும் வேண்டாம். வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் வண்டி பளபளக்க டயர் முழுக்க பாலிஷ் அடித்துக் கொடுக்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. பக்கவாட்டில் அடித்தால் அழகு. ரோட்டைத் தொடும் பட்டனில் அடித்தால் கடையைவிட்டு வெளியே வந்து முதல் திருப்பத்திலேயே விழ நேரலாம். அடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கும்போதும் பின் டயரில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிரம் பிரேக் உள்ள வண்டி தேங்கிய நீரைக் கடந்தால் உள்ளே ஈரம் போய்ப் பிரேக் பிடிக்காது. பயந்து ஓங்கி மிதிக்காதீர்கள். மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரேக்கை லேசாக அழுத்தி வைத்திருந்தால் சூட்டில் ஈரம் காய்ந்துவிடும். காய்ந்ததும் திடீரென்று பிடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 2: ரோட்டைப் படிக்கப் பழகுங்கள்

நாள் முழுக்கக் கொட்டும் மழையைவிட, பல நாள் வெயிலுக்குப் பிறகு பெய்யும் தூறல் ஆபத்தானது. ரோட்டில் படிந்திருக்கும் ஆயிலும் புழுதியும் டயர்த் தூளும் அந்தத் தூறலில் கலந்து மெல்லிய வழுவழுப்பான படலமாகிவிடும். நன்றாகப் பெய்து கழுவிப்போனால் ரோடு கொஞ்சம் தேறிவிடும். ஆகவே முதல் தூறல் விழுந்ததும் நனையாமல் வீடு சேர வேகத்தைக் கூட்டுவதுதான் செய்யவே கூடாத காரியம். முடிந்தால் கால்மணி நேரம் எங்காவது ஒதுங்கி நில்லுங்கள்.

சிக்னலில் வண்டிகள் நிற்கும் இடத்திலும் பஸ் நிறுத்தத்திலும் ரோட்டின் நடுவே ஒரு கறுப்புப் பட்டை ஓடும். என்ஜின்களிலிருந்து சொட்டிய ஆயில் அது. கார் டயர்கள் ஓடும் இரண்டு தடங்களில் ஒன்றில் போனால் அந்தப் பட்டையைத் தவிர்க்கலாம். மலைப்பாதையில் வளைவின் உள்பக்கம் வானவில் நிறத்தில் மினுக்கினால் அது டீசல். 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைப் பாதையிலோ 40 வளைவுகள் உள்ள வால்பாறைப் பாதையிலோ ஒவ்வொரு வளைவுக்கும் முன்பே அதைத் தேடிப் பார்த்துக்கொண்டு இறங்குவது நல்லது.

இரும்பும் பெயின்ட்டும் நனைந்தால் பிடிமானம் வெகுவாகக் குறையும். பாதாளச் சாக்கடை மூடி, மெட்ரோ வேலைக்காகப் போட்ட இரும்புத் தகடு, பாலத்தின் இணைப்புப் பட்டை, வரிக்குதிரைக் கோடு, வேகத்தடையின் வெள்ளைப் பட்டை, ரயில்வே கேட் தண்டவாளம் ஆகியவற்றின் மேல் பிரேக் பிடிக்கவோ திருப்பவோ ஆக்சிலேட்டர் முறுக்கவோ கூடாது. செய்ய வேண்டியதை முன்பே செய்து முடித்துவிட்டு, நேராக, ஒரே வேகத்தில் கடந்து போங்கள். தண்டவாளம் ரோட்டுக்குக் குறுக்கே சாய்வாகப் போனால், வண்டியைக் கொஞ்சம் ஒதுக்கி அதை முடிந்தவரை செங்குத்தாகக் கடக்க வேண்டும். சாய்வாக ஏறினால் முன் டயர் தண்டவாளத்தை ஒட்டியே வழுக்கிப் போய்விடும்.

நம் ஊருக்கே உரிய ஆபத்துகளும் சில உண்டு. ஆயுதபூஜை அன்று கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் முன்னால் திருஷ்டி கழித்து உடைக்கும் பூசணிக்காய், இரவு முழுக்க நடுரோட்டில் கிடந்து கூழாகிவிடும். அதன் மேல் வண்டியேற்றி விழுபவர்கள் வருடந்தோறும் இருக்கிறார்கள், ரோட்டில் உடைக்காதீர்கள் என்று போலீசும் வருடந்தோறும் கேட்டுக்கொள்கிறது. உடைத்தவரே ஒரு நிமிடம் செலவழித்து ஓரமாக ஒதுக்கிவிட்டால் போதும். அன்றும் மறுநாள் காலையும் கடைவீதியில் ரோட்டில் கண் வைத்து ஓட்டுங்கள். நாவல் மரத்தடியில் பழம் உதிரும் காலத்தில் ரோடு ஊதாவாகக் கிடக்கும், அங்கேயும் இதே கதைதான். அறுவடை நேரத்தில் டெல்டா மாவட்டங்களில் ரோட்டில் பரப்பும் வைக்கோலும் நெல்லும் டயருக்கும் தாருக்கும் நடுவே உருண்டு பிடிமானத்தைத் தின்றுவிடும். கடற்கரைச் சாலையின் ஓரத்திலும், மணல் லாரி திரும்பும் முக்கிலும் காய்ந்த மணலே போதும், மழை வேண்டியதில்லை.

படி 3: முன் பிரேக்கைப் பழகுங்கள்

பிரேக் பிடித்ததும் உடல் முன்னால் சாய்வது போல, வண்டியின் எடையும் முன் சக்கரத்துக்குப் போகிறது. எடை கூடும் சக்கரத்துக்குப் பிடிமானமும் கூடும். பின் சக்கரம் லேசாகிவிடுவதால் சீக்கிரம் நின்று இழுபடும். ஆகவே நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு, 70 சதவீதம்போல, முன் பிரேக்குடையது. அதை விட்டுவிட்டு ஓட்டுபவர், வண்டியின் பெரிய பிரேக்கை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்தான்.

முன் பிரேக் ஆளைத் தூக்கி எறிவது மூன்று நிலைகளில்: சட்டென்று ஒரே பிடியாகப் பிடித்தால், ஹேண்டில் திரும்பியிருந்தால், அல்லது கீழே மணலோ ஆயிலோ இருந்தால். முதல் இரண்டும் பயிற்சியில் சரியாகிவிடும்.

விடுமுறை நாளில் காலியான மைதானத்துக்கோ, ஆளில்லாத லேஅவுட் ரோட்டுக்கோ போங்கள். ஹெல்மெட், ஷூ, முழுக்கை சட்டை போட்டுக்கொள்ளுங்கள். 20 கி.மீ. வேகத்தில் நேராக வந்து ஆக்சிலேட்டரை முழுதாக விடுங்கள். இரண்டு விரல்களால் முன் லிவரைத் தொட்டு, பிரேக் பிடிக்கத் தொடங்கும் இடம்வரை மெதுவாக இழுங்கள். வண்டியின் முன்பக்கம் அமிழ்வதை உணர்வீர்கள். எடை முன்னால் வந்துவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகுதான் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். தொடுவது, அமிழ விடுவது, பிழிவது என்ற இந்த வரிசைக்கு மொத்தமாக அரை விநாடிகூட ஆகாது. ஆனால் வரிசை மாறக் கூடாது. கூடவே பின் பிரேக்கை மிதமாக மிதியுங்கள். கண் எதிரே தூரத்தில் இருக்கட்டும். முன் சக்கரத்தைக் குனிந்து பார்த்தால் ஹேண்டில் தானாகத் திரும்பிவிடும்.

இது கைக்கு வந்ததும் 30, பிறகு 40 என்று கூட்டுங்கள். அடுத்து நனைந்த தரையில், மறுபடி 20இலிருந்து தொடங்குங்கள். எவ்வளவு அழுத்தினால் டயர் கிறீச்சிட ஆரம்பிக்கிறது என்பதை விரல் தெரிந்துகொள்ள வேண்டும். படித்துத் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயமல்ல இது. வருடத்துக்கு ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன்னால், இதைத் திரும்பச் செய்யுங்கள். கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு வண்டி வாங்கிக் கொடுத்தால் சாவி கொடுக்கும் முன் இந்தப் பயிற்சியைக் கொடுங்கள்.

உங்கள் வண்டியில் என்ன இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவில் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது மாடல்களுக்கு 2018 ஏப்ரல் 1 முதலும், விற்பனையில் இருந்த பழைய மாடல்களுக்கு 2019 ஏப்ரல் 1 முதலும் ஏ.பி.எஸ். (சக்கரம் நின்றுபோகாமல் தடுக்கும் பிரேக் ஏற்பாடு) கட்டாயமானது. அதற்குட்பட்ட வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். அல்லது சி.பி.எஸ். (இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கும் ஏற்பாடு) போதும் என்று விதி வந்தது.

சி.பி.எஸ். உள்ள ஸ்கூட்டரில் இடது லிவரைப் பிடித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் சக்கரம் நின்றுபோவதை அது தடுக்காது. வலது லிவரின் தேவையும் போகாது.

ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் சக்கரத்தின் வேகத்தை ஒரு சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கும். சக்கரம் நிற்கப் போகிறது என்று தெரிந்ததும் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும். அப்போது லிவர் கையில் அதிரும். பயந்து கையை எடுத்துவிடாதீர்கள், அழுத்தியே வைத்திருங்கள். சிங்கிள் சேனல் என்றால் முன் சக்கரத்துக்கு மட்டும்தான் இந்தக் காவல், பின் சக்கரம் அப்போதும் இழுபடலாம். மணலிலும் சரளையிலும் ஏ.பி.எஸ். நிற்கும் தூரத்தைக் கூட்டிவிடக்கூடும். சாய்ந்து வளையும்போது பெரும்பாலான வண்டிகளின் ஏ.பி.எஸ். முழுதாகக் கைகொடுக்காது.

படி 4: ஓட்டும்போது

வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, கியரை மாற்றி முடித்துவிடுங்கள். வளைவுக்குள் ஆக்சிலேட்டரை மாறாமல் லேசாகப் பிடித்திருந்தால் போதும். கியரைச் சட்டென்று இரண்டு மூன்று இறக்கி கிளட்சைப் படாரென்று விட்டால் பிரேக்கே பிடிக்காமல் பின் சக்கரம் சறுக்கும். மழையில் இது இன்னும் எளிதாக நடக்கும். முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் காய்ந்த ரோட்டில் இரண்டு விநாடி இடைவெளி என்றால் மழையில் நான்கு வையுங்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவர் ஒருபக்கமாக உட்காராமல் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்வது பேலன்ஸுக்கு நல்லது. புடவை கட்டியவர்களுக்கு அது எப்போதும் முடியாது என்பது தெரியும். அப்படியானால் வேகத்தை நீங்கள் இன்னும் குறைக்க வேண்டும்.

படி 5: சறுக்க ஆரம்பித்துவிட்டால்

முன் சக்கரம் நின்றால் ஹேண்டில் திடீரென்று லேசாகிவிடும், அது கைக்குத் தெரியும். உடனே முன் லிவரை விடுங்கள். சக்கரம் மறுபடி சுழன்றதும் திரும்பவும் மெதுவாகப் பிடியுங்கள். இதற்குக் கிடைப்பது ஒரு நொடிக்கும் குறைவு. மைதானத்தில் செய்து பார்க்காத விரல் அந்த நேரத்தில் எதிர்மாறாகத்தான் செய்யும், இன்னும் இறுக்கிப் பிடிக்கும்.

பின் சக்கரம் நின்று, பின்புறம் இன்னும் நேர்கோட்டிலேயே வந்தால் பெடலை மெதுவாகத் தளர்த்துங்கள். ஏற்கெனவே பக்கவாட்டில் நன்றாக விலகிவிட்டால் பெடலை விடாதீர்கள். இது பலரும் தெரியாமல் செய்யும் தவறு. விலகிய நிலையில் பிரேக்கை விட்டதும் டயர் சட்டென்று தரையைப் பிடித்துக்கொள்ளும், வண்டி வெடுக்கென்று நிமிர்ந்து ஆளை மறுபக்கம் மேலே தூக்கி எறியும். சரிந்து விழுவதைவிட அது மோசமான காயம் தரும். பெடலை அழுத்தியபடியே, போக வேண்டிய திசையைப் பார்த்துக்கொண்டு வண்டி நிற்கும்வரை இருங்கள்.

ஆக்சிலேட்டர் முறுக்கியதால் பின் சக்கரம் வழுக்கினால் மெதுவாகக் குறையுங்கள், டக்கென்று மூடாதீர்கள். கியர் இறக்கியதால் சறுக்கினால் கிளட்சைப் பிடியுங்கள். எதிர்பாராமல் மணலிலோ வைக்கோலிலோ ஏறிவிட்டால் ஒன்றும் செய்யாமல் இருப்பதே சரி: பிரேக் வேண்டாம், திருப்ப வேண்டாம், ஹேண்டிலைத் தளர்வாகப் பிடித்து நேராகக் கடந்து போங்கள்.

விழுவது உறுதியாகிவிட்டால் வண்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்காதீர்கள், விட்டுவிடுங்கள். ஹெல்மெட் ஸ்ட்ராப் போடப்பட்டிருக்கிறதா என்பது அந்த நேரத்தில்தான் தெரியவரும்.

கார் ஓட்டுபவர்களுக்கு

ஏ.பி.எஸ். உள்ள காரில் அவசரத்தில் பெடலை முழு பலத்தோடு மிதித்து, மிதித்தபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பலாம், அதற்காகத்தான் அது இருக்கிறது. பின்பக்கம் ஒதுங்கினால் அது ஒதுங்கும் திசையிலேயே ஸ்டீயரிங்கைத் திருப்பி, கார் நேரானதும் நேராக்குங்கள். முன்பக்கம் வளையாமல் நேராகவே ஓடினால் ஆக்சிலேட்டரை விட்டு, ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் தளர்த்துங்கள். தேங்கிய நீரில் டயர் தரையைவிட்டு நீரின் மேல் மிதப்பது வேறு ஆபத்து. 1960களில் நாசா ஆய்வாளர்கள் விமானச் சக்கரங்களுக்காகக் கண்டறிந்த சூத்திரப்படி, 32 பி.எஸ்.ஐ. காற்றுள்ள டயர் மணிக்கு 94 கி.மீ. அளவில் மிதக்கத் தொடங்கும். காற்று குறைந்தால் அதற்கும் முன்பே. அப்போது பிரேக் பிடிக்காமல், ஸ்டீயரிங்கை நேராக வைத்து, ஆக்சிலேட்டரை மட்டும் விடுங்கள்.

படி 6: விழுந்த பிறகு

எழுந்து ஓட அவசரப்படாதீர்கள். பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்து ரோட்டோரம் ஒதுங்குங்கள். என்ஜினை அணையுங்கள், பெட்ரோல் கசிகிறதா பாருங்கள். தலையில் அடிபட்டிருந்தாலோ கழுத்து வலித்தாலோ 108ஐ அழையுங்கள். விழுந்தவர் வேறொருவர் என்றால், சுவாசிக்கச் சிரமப்படாதவரை அவருடைய ஹெல்மெட்டை நீங்கள் இழுத்துக் கழற்ற வேண்டாம். உதவப் போனால் போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டிவரும் என்ற பயமும் வேண்டாம், மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு உதவுபவரைப் பாதுகாக்கிறது. தமிழ்நாட்டில் விபத்துக்குள்ளானவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. அதில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இது பொருந்தும், முதலில் பணம் கட்ட வேண்டியதில்லை.

அடி ஒன்றும் இல்லை, வண்டியை ஓட்டிக்கொண்டே போய்விடலாம் என்றால், முதலில் ஹேண்டில் முன் சக்கரத்துக்கு நேராக இருக்கிறதா, லிவர் வளைந்திருக்கிறதா, பின் பிரேக் பெடல் உள்ளே மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். தள்ளிக்கொண்டே நடந்து இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். ஹெல்மெட் தரையில் மோதியிருந்தால், வெளியே கீறல் மட்டுமே தெரிந்தாலும், உள்ளே உள்ள தெர்மோகோல் நசுங்கியிருக்கலாம். அதை மாற்றிவிடுங்கள்.